வாயாடி அக்காவும் மகாராணியின் கணையமும்

வாயாடி அக்கா என்று பெயர் வைத்தது யாரோ, குறி தப்பாமல் வைத்திருக்கிறார்கள். ஆராய்ச்சிக்கூடத்தில் பன்றிகளைக் குளிப்பாட்டி, கொட்டிலைத் தேய்த்துக் கழுவி, தீனி போடுவது அவள் வேலை. கை செய்வது ஒரு பங்கு என்றால் வாய் செய்வது இரண்டு பங்கு. கணவர் போய்ச் சேர்ந்த பிறகு வீட்டில் அவள் பேச்சைக் கேட்க ஆளில்லை. முட்டிவலி முதல் மருமகளின் முகச்சுளிப்பு வரை எல்லாவற்றையும் மகாராணியிடம்தான் கொட்டுவாள். மகாராணி என்பது ஒரு பெண்பன்றி.

மகாராணியின் கணையத்திலிருந்து, அங்கே ஆராய்ச்சி செய்யும் டாக்டரம்மா ஒரு மெல்லிய குழாயை வெளியே கொண்டுவந்திருந்தார். சாப்பாடு இறங்கியதும் சிறுகுடல் பெப்டைடுகள் என்ற சிறு புரதத் துணுக்குகளை ரத்தத்தில் விடும். அவை கணையத்தை எட்டியதும் அது செரிமான நீரைச் சுரக்கும். வெறும் வயிற்றில் பெப்டைடை மட்டும் ஊசியில் ஏற்றினால் எவ்வளவு சுரக்கும் என்பதுதான் டாக்டரம்மாவின் கேள்வி. ஆனால் தினமும் காலையில் ஊசியை எடுப்பதற்குள்ளேயே குழாய் சொட்ட ஆரம்பித்துவிடும்.

"உள்ள குழாய் உறுத்துது போல. வயித்தத் திறந்து பாத்துட வேண்டியதுதான்" என்றார் டாக்டரம்மா.

"இன்னொரு ஆபரேஷன தாங்குமாம்மா?"

"தாங்கும்னு உறுதியா சொல்ல முடியாதுக்கா."

மறுநாள் காலை அக்கா மகாராணியின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல், உள்ளே போகாமல் வெளி நடையையே தேய்த்துக்கொண்டிருந்தாள். வாயைத் திறக்கவில்லை. உள்ளே டாக்டரம்மா குழாயையே பார்த்தபடி நின்றிருந்தார். ஒரு சொட்டுகூட விழவில்லை.

அக்காவால் எவ்வளவு நேரம்தான் பொறுக்க முடியும்? "என்ன கண்ணு, எழுந்துட்டியா?" என்று நடையிலிருந்தே குரல் கொடுத்தாள்.

சொட்டியது. டாக்டரம்மா ஓடிவந்தார்.

"அக்கா, இன்னொரு தடவ கூப்பிடுங்க!"

கூப்பிட்டாள். மறுபடியும் சொட்டியது. டாக்டரம்மா சிரிப்பை அடக்க முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"கணையத்துக்கு ரெண்டு வழியா சேதி போகுதுக்கா. குடல்ல இருந்து ரத்தத்துல ஒண்ணு, மூளைல இருந்து நரம்புல ஒண்ணு. உங்க குரல் வந்தா பின்னாடியே தீனி வரும்னு அதுக்குத் தெரியும். அதான் நரம்பு முந்திக்குது. இத்தன நாளா எனக்குத் தோணவே இல்ல பாருங்க."

"அப்ப என்னாலதானா?"

"குழாய் நல்லாத்தான் இருக்கு. கத்தி வேண்டாம். ஆனா ஊசி வேலை முடியற வரைக்கும் நீங்க இந்தப் பக்கமே வரக்கூடாது."

அடுத்த நாள் அக்கா தோட்டத்துக் கோடியில் போய் உட்கார்ந்தாள். "என்னக்கா, வாய்க்கு லீவா?" என்று தோட்டக்காரர் சீண்டியும் உதடு பிரியவில்லை. பதில் சொன்னால் அது எங்கே மகாராணியின் காதில் விழுந்துவிடுமோ என்று பயம்.

வெகுநேரம் கழித்து டாக்டரம்மா ஆளனுப்பி அக்காவைக் கொட்டிலுக்கு அழைத்தார். ஊசிக்கு முன்னால் குழாய் காய்ந்தே இருந்ததாம். ஊசி ஏறிய பிறகுதான் சுரந்ததாம். இப்போது அதுவும் அடங்கிவிட்டது.

"நீ நல்லா இருக்கணும்மா" என்று சத்தமே வராமல் உதட்டை மட்டும் அசைத்து, டாக்டரம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள் அக்கா. பேச்சைக் கேட்க ஆளே இல்லாத வீட்டுக்குத் திரும்புகிறவள் அவள். அவள் குரலைக் கேட்டதும் ஒரு ஜீவனுக்கு உள்ளே ஊறியிருக்கிறது, இத்தனை நாளாக, அவளுக்குத் தெரியாமலே. மகாராணியின் காதுக்குப் பின்னால் மெல்ல வருடிக்கொடுத்தாள்.

டாக்டரம்மா குனிந்து குழாயைப் பார்த்தார்.

"அக்கா, நீங்க இன்னும் பேசவே இல்லையே" என்றார். "சொட்டுது."