அப்படி யாரும் இங்கன இல்ல

தெருவுக்குள் ஜீப் நுழைந்தால் முதலில் வள்ளித்தாயைத்தான் கூப்பிடுவார்கள்.

ஆமத்தூருக்கு மேற்கே, சிவகாசி ரோட்டை விட்டு இறங்கியதும் வரும் தெரு அது. பாதி வீடுகளில் சரம் பின்னினார்கள். சின்ன வெடிகளை ஏஜென்ட் மூட்டையாகக் கொண்டுவந்து இறக்குவார். பெண்கள் வாசலில் உட்கார்ந்து திரியோடு திரி சேர்த்துப் பின்னிச் சரவெடியாக்கித் தருவார்கள். வீட்டில் வைத்துச் செய்யக் கூடாத வேலை. கூடாது என்பது பின்னுகிறவர்களுக்கும் தெரியும், பின்னச் சொல்கிறவர்களுக்கும் தெரியும், ஜீப்பில் வருகிறவர்களுக்கும் தெரியும். ஆனாலும் வந்தவர் கேட்டாக வேண்டும், இருப்பவர் இல்லை என்றாக வேண்டும். அந்த இரண்டாவது வேலை வள்ளித்தாயுடையது.

"வீட்டுல வெடி வச்சிருக்கீங்களாம்மா?"

"வெடியா? தீவாளிக்கே எங்க வீட்டுல வாங்குறதில்ல சார். எனக்குச் சத்தம்னாலே நெஞ்சு படபடன்னு வரும்."

"அந்தச் சாக்குல என்ன?"

"கோழித் தீவனம்."

"கோழி எங்க?"

"மேயப் போயிருக்கு. வார நேரந்தான். இருந்து பாத்துட்டுப் போறீகளா, காப்பி போடட்டுமா?"

அதிகாரி சிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஜீப் போன பிறகு தெருவே கூடி நின்று அதைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சிரிக்கும். பக்கத்து வீட்டுப் பேச்சியம்மாள்தான் முதலில் சொன்னாள்: "எம்புட்டுக் கேட்டாலும் ஒண்ணுத்தையும் சொல்லாம பதில் சொல்லிப்புடுறா. இவ மந்திரியா இருக்க வேண்டியவ." அதிலிருந்து அவள் மந்திரியக்கா ஆனாள். வள்ளித்தாய்க்கு அதில் உள்ளூரப் பெருமை உண்டு.

அவள் பிறந்தது ஆனைக்குட்டத்தில். அய்யாவும் ஆத்தாவும் அடுத்தவர் நிலத்தில் களை எடுத்தவர்கள், இவளும் எடுத்தாள். ஆண்டிச்சாமிக்குக் கட்டிக்கொடுத்தபோது அந்த வீட்டில் மாமியார் இல்லை. கால்சட்டை போட்ட கொழுந்தன் முனியராஜ் மட்டும் இருந்தான். ஆண்டிச்சாமி விடியுமுன் கம்பெனி வேனில் போய்விடுவார். கொழுந்தனுக்குத் தலை துவட்டியது, பள்ளிக்கூடம் அனுப்பியது, அம்மை போட்டபோது வேப்பிலை அரைத்தது எல்லாம் இவள்தான். அவனுக்குப் பெண் பார்த்ததும் இவள்தான். பாண்டிச்செல்வி இவளுக்குத் தூரத்துச் சொந்தம். அடுத்தடுத்த வாசல், ஒரே முற்றம்.

முனியராஜ் ஏஜென்ட்டிடம் இருந்தான். வண்டியில் மூட்டை கட்டி வீடு வீடாய்ப் போடுவது அவன் வேலை. காட்டுக்குள் லைசென்ஸ் இல்லாத ஷெட் ஒன்று வெடித்து ஆட்கள் கருகிப்போனபோது, அங்கேயும் மூட்டை போட்டவன் என்று அவன் பெயர் அடிபட்டது. அதிலிருந்து தெருவுக்கே ஒரே பாடம்: யார் வந்து முனியராஜைக் கேட்டாலும், அப்படி யாரும் இங்கன இல்ல. அந்தச் சூட்டோடு ஏஜென்ட் அவனை மலேசியாவுக்கு அனுப்பி வைத்தார். அச்சாபீஸ் வேலை என்றார்கள்.

போய் ஒரு வருஷத்துக்கு அவ்வப்போது போன் வந்தது. பிறகு நின்றுபோனது.

அப்படி நின்றிருந்த நாட்களில், சீசன் உச்சத்தில், ஒரு மத்தியானம் பேண்ட் சட்டையில் ஒருவர் பைக்கில் வந்து இறங்கினார். தெருவில் ஆளில்லை. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் ஊற்றுகிறார்கள் என்று எல்லோரும் போயிருந்தார்கள். வள்ளித்தாயின் வாசல் பூராவும் சரம் கிடந்தது. சேலை முந்தானையை உதறி சரத்தின்மேல் ஒரு சாக்கைத் தள்ளிவிட்டு எழுந்தாள்.

"முனியராஜ் வீடு இதானே?"

"அப்படி யாரும் இங்கன இல்ல."

"த.பெ. மாடசாமின்னு போட்டிருக்கு."

"ஊர் பூரா மாடசாமிதான் சார்."

அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், வெயிலைப் பார்த்தார். என்னமோ எழுதிக்கொண்டு போய்விட்டார். வள்ளித்தாய் மறுபடியும் உட்கார்ந்து பின்னினாள். சாயங்காலம் யாரிடமும் சொல்லவில்லை. சொல்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இருந்ததாக அவளுக்குப் படவில்லை.

தீபாவளி கழிந்து பாண்டிச்செல்விக்கு ஒரு போன் வந்தது. மலேசியாவில் முனியராஜ்கூட இருந்து விடுதலையான யாரோ ஒரு தஞ்சாவூர்க்காரர் பேசினார். அச்சாபீஸ் எல்லாம் பொய், மரக்கம்பெனியில் போட்டிருந்தார்கள். பாஸ்போர்ட் முதலாளி கையில். தப்பி ஓடியவனைப் போலீஸ் பிடித்து முகாமில் வைத்திருக்கிறது. மற்றவர்கள் ஒவ்வொருவராய் ஊருக்கு வருகிறார்கள், முனியராஜ் மட்டும் வரவில்லை.

பாண்டிச்செல்வி ஓட ஆரம்பித்தாள். கலெக்டர் ஆபீஸ், கட்சி ஆபீஸ், எம்.பி. வரும் கல்யாண மண்டபம். கடைசியில் எம்.பி.யின் ஆள் வந்து சொல்லிவிட்டுப் போனார்: "பார்லிமெண்ட்ல கேள்வி போட்டிருக்காரு. வெளியுறவு மந்திரியே எந்திரிச்சுப் பதில் சொல்லணும். டிவியில காட்டுவாக, பாருங்க."

அன்றைக்குத் தெருவில் யாரும் சரம் எடுக்கவில்லை. வள்ளித்தாய் வீட்டில் அரசாங்கம் கொடுத்த கலர் டிவி இருந்தது. கேபிள்காரப் பையன் வந்து அந்தச் சேனலைத் தேடிப் பிடித்து, "இத இதுவரைக்கும் எவரும் கேட்டதே இல்லக்கா" என்று சொல்லிவிட்டுப் போனான். பாண்டிச்செல்வி தலை குளித்து, நல்ல சேலை கட்டி, முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். விருதுநகர் காலேஜில் படிக்கும் வள்ளித்தாயின் மகள் பானுப்பிரியா லீவு போட்டிருந்தாள், இங்கிலீஷைச் சொல்வதற்காக.

மந்திரி எழுந்தார். நரைத்த தலை, கழுத்து மூடிய கோட்டு. தாளைப் பார்த்து நிதானமாய் வாசித்தார்.

"இவரா? பாத்தா நல்ல மனுசனாத்தான் தெரியுது" என்றாள் பேச்சியம்மாள்.

"பேசாம இருங்க பெரியம்மா." பானுப்பிரியா காதைத் தீட்டிக்கொண்டாள். "மலேசியாவுல மாட்டிக்கிட்டவுக மேல அரசாங்கத்துக்கு ரொம்ப அக்கறையாம்... முகாமுக்கு நம்ம தூதரக ஆளுக போய்ப் பாத்தாகளாம்... மத்தவுகளுக்கெல்லாம் பேப்பர் ரெடி பண்ணியாச்சாம்..."

எம்.பி. மறுபடி எழுந்து கையை ஆட்டி ஏதோ கேட்டார். மந்திரிக்குப் பின்னாலிருந்து யாரோ ஒரு துண்டுத்தாளை நீட்டினார்கள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வாசித்தார். பானுப்பிரியா பாண்டிச்செல்வியைத் திரும்பிப் பார்த்தாள்.

"என்னடி சொல்றாரு?" என்றாள் பாண்டிச்செல்வி.

"சித்தப்பா விசயந்தான்... பாஸ்போர்ட் இல்லாததால, அவரு நம்ம நாட்டு ஆளுதானான்னு சொந்த ஊருக்கே ஆளனுப்பி விசாரிச்சாகளாம். அந்த விலாசத்துத் தெரு ஆளுகளே... அப்படி யாரும் இங்க இல்லன்னு சொல்லிட்டாகளாம். அதனால உறுதி பண்ண முடியலையாம்."

மந்திரி உட்கார்ந்துவிட்டார். அடுத்து வேறு யாரோ எழுந்து வேறு எதையோ கேட்டார்கள்.

"உறுதி பண்ண முடியலன்னா?" பாண்டிச்செல்வி டிவியைப் பார்த்தே கேட்டாள். "அப்ப அவுக எந்த நாட்டு ஆளாம்? ஆமத்தூரு இந்தியாவுல இல்லையா? எந்த நாசமாப் போனவ சொன்னா அப்படி?"

 வள்ளித்தாய்க்கு அந்த மத்தியானத்துப் பைக்கும் வெயிலும் தாளும் கண்முன் வந்தன. எல்லோரும் ஆளாளுக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். நாமும் ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று நினைத்தாள். வாய் பழக்கத்தில் அதுவாகவே சொல்லியது: "ஆரு சொன்னாகளோ, பாவி மக்க."

சொன்ன பிறகு திரும்ப எடுக்க முடியவில்லை.

பாண்டிச்செல்விக்குச் சந்தேகம் பேச்சியம்மாள் மேல் விழுந்தது. தண்ணிக் குழாயில் இருவருக்கும் பழைய வாய்த்தகராறு உண்டு. "என் தாலிய அறுக்கப் பாத்தவ அவதான்" என்று காளியம்மன் கோயில் முன்னாலிருந்து மண்ணை வாரி வந்து பேச்சியம்மாள் வாசலில் தூற்றினாள். பேச்சியம்மாள் பதிலுக்குக் கத்தினாள், பிறகு அழுதாள், பிறகு கதவைச் சாத்திக்கொண்டாள். வள்ளித்தாய் தன் வாசலில் நின்று பார்த்தாள். சண்டையை விலக்கிவிடக்கூடப் போகவில்லை. 

ஆண்டிச்சாமியிடம் மட்டும் சொன்னாள். அவர் சோற்றில் கை வைத்தபடி இருந்தார். "சொன்னா, ஏன் சொன்னேன்னு ஆபீசுல கேப்பான். சரத்தைச் சொல்லணும், ஷெட்டைச் சொல்லணும். எல்லாரு பொழப்புலயும் மண்ணு விழும்." கொஞ்சம் பொறுத்து, "என் தம்பி அவன்" என்றார். அப்புறம் சாப்பிடாமல் எழுந்துவிட்டார். இரண்டில் எதைச் செய்யச் சொல்கிறார் என்று அவள் கேட்கவில்லை.

அந்த வாரம் அவள் பின்னிய சரங்கள் எல்லாம் தளர்ந்து அவிழ்ந்தன. ஏஜென்ட் திருப்பிக் கொண்டுவந்து போட்டார். அதை எடுத்துப் பின்ன உட்கார்ந்த பாண்டிச்செல்வி, "என்னக்கா, உங்க கையா இது? அவுகள நெனச்சு நெனச்சு நீங்களும் உருகிட்டீக" என்றாள். அதற்கு மேல் வள்ளித்தாயால் இருக்க முடியவில்லை.

"நாந்தான் சொன்னேன் செல்வி."

"எத?"

"பைக்குல ஒருத்தர் வந்து கேட்டாரு. இல்லன்னேன். ஷெட்டு விசாரணைன்னு நெனச்சேன். உன் வீட்டுக்காரனப் பிடிச்சிட்டுப் போயிருவாகன்னு பயந்துட்டேன். அவனுக்காகத்தான் சொன்னேன்."

பாண்டிச்செல்வி கையிலிருந்த சரத்தைக் கீழே வைத்தாள். அடிப்பாள் என்று வள்ளித்தாய் எதிர்பார்த்தாள், அடித்திருந்தால் தேவலை. "அன்னைக்கு டிவிக்கு முன்னால சொல்லியிருக்கலாமே" என்று மட்டும் கேட்டாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து, "வாங்க, கலெக்டர் ஆபீசுக்குப் போவோம். அவுகளுக்காகச் சொன்னதுன்னா அவுகளுக்காகவே வந்து மாத்திச் சொல்லுங்க" என்றாள்.

ரேஷன் கார்டு, கல்யாணப் போட்டோ, பள்ளிக்கூட டி.சி. எல்லாம் எடுத்துக்கொண்டு போனார்கள். அங்கே இருந்த அதிகாரி மேலும் கீழும் பார்த்தார். "நீங்க சொன்னது டெல்லி வரைக்கும் போயி மந்திரி வாயால சபையில பதிவாயிருச்சும்மா. உங்க இஷ்டத்துக்கு உண்டுங்கிறதுக்கும் இல்லங்கிறதுக்கும் இது சந்தைக்கடையா?" வள்ளித்தாய் தலையைக் குனிந்து நின்றாள். வேடிக்கையாய்ச் சொல்ல ஒன்றும் வரவில்லை. பயத்தில் சொன்னேன் என்றாள். என்ன பயம் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் எழுத வேண்டியிருக்கும் என்று அவருக்கும் தெரிந்திருக்கலாம். முனியராஜ் இந்த வீட்டு ஆள்தான் என்று மட்டும் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

திரும்பி வந்ததும் வள்ளித்தாய் போய்ப் பேச்சியம்மாள் வீட்டுக் கதவைத் தட்டினாள். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு பேச்சியம்மாள் சொன்னாள்: "சரி, சொல்லிட்ட. அவ தூத்துன மண்ணு வீட்டுக்குள்ள வரைக்கும் கெடக்கு. அத யாரு பெருக்குறது?" வள்ளித்தாய் விளக்குமாற்றை எடுத்தாள். பேச்சியம்மாள் தடுக்கவில்லை. அதற்குப் பிறகு மந்திரியக்கா என்று கூப்பிடுவதை மட்டும் விட்டுவிட்டாள்.

அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு முன்னால் முனியராஜ் வந்து சேர்ந்தான். கன்னம் ஒட்டி, கால் பித்தவெடிப்பாய், அவனா என்று பார்க்கும்படி வந்தான். ஷெட் பேச்சு அதற்குள் ஆறிப்போயிருந்தது. முதல் சாப்பாடு மதினி கையால்தான் என்றான். வள்ளித்தாய் கோழியடித்துக் குழம்பு வைத்தாள். பாண்டிச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்து விசிறினாள்.

"தூதரகத்து ஆளு வந்து சொன்னாரு மதினி. 'உங்க ஊர்ல உன்னைத் தெரியாதுன்னுட்டாங்கப்பா' அப்படின்னு. நான் அடிச்சுச் சொன்னேன், வேற எங்கயோ போய்க் கேட்டுருக்கீக, எங்க மதினி இருக்கையில யாரும் அப்படிச் சொல்ல மாட்டாகன்னு."

பாண்டிச்செல்வி விசிறுவதை நிறுத்தினாள். அவள் அவனிடம் சொல்லியிருக்கவில்லை. சொல்லும் பொறுப்பை இங்கே விட்டுவைத்திருக்கிறாள் என்று வள்ளித்தாய்க்கு அப்போதுதான் புரிந்தது.

"உன் மதினிதான் சொன்னா" என்றாள் வள்ளித்தாய்.

அவன் சோற்றைப் பிசைந்த கையோடு நிமிர்ந்தான். யோசித்தான். முகம் மெல்லத் தெளிந்தது. "ஷெட்டு விசாரணைன்னு நெனச்சிருப்பீக. என்னைக் காப்பாத்தத்தான சொன்னீக? விடுங்க."

பாண்டிச்செல்வியும் அதைத்தான் நம்பி ஆபீஸ் வரை கூட்டிப் போனாள். ஆமாம் என்று தலையாட்டினால் போதும். ஊரே ஏற்றுக்கொண்ட பதில் அது.

"அப்படித்தான் எல்லார்ட்டயும் சொன்னேன்" என்றாள் வள்ளித்தாய். "அது பொறவு யோசிச்சது. அந்நேரம் உன் நெனப்பே எனக்கு வரல. வாசல் பூரா சரம் கெடந்துச்சு. வந்தவன் அதப் பாத்துருவானோன்னுதான் இருந்துச்சு. சீக்கிரம் போகட்டும்னு சொன்னேன். உம் பேரு காதுல விழுந்துச்சு, மனசுல விழல."

 வெளியே கம்பெனி வேன் ஒன்று ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்பிப் போனது.

முனியராஜ் குனிந்து, இலையில் இருந்ததை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். வள்ளித்தாய் சட்டியிலிருந்து கரண்டியை எடுத்தாள். அவன் இலைக்கு மேலே கையை மறித்து, "போதும்" என்றான். ஒருநாளும் அவன் அப்படி மறித்ததில்லை. அவள் வற்புறுத்தவில்லை, கரண்டியைச் சட்டியிலேயே வைத்துவிட்டு, அவன் கை கழுவத் தண்ணீர் மொண்டு கொடுத்தாள்.