கோழிக்குப் போட்ட கிளிஞ்சல்

கோழி வளர்ப்பதில் அருணாச்சலத்தை மிஞ்சப் பழவேற்காட்டுப் பக்கம் ஆளில்லை. பாராட்டிச் சொல்லவில்லை; வயிறு எரிந்து சொல்கிறேன்.

எங்கள் வீட்டுக்கும் அவன் வீட்டுக்கும் நடுவே ஒரு முள்வேலிதான். சுண்ணாம்புக் காளவாயில் கிளிஞ்சல் வேகவைக்கிற வேலை அவனுக்கு. அங்கேயே கூடை சுமக்கிற வேலை எனக்கு. சாயங்காலம் வேகாத கிளிஞ்சலாகப் பார்த்து ஒரு மடி எடுத்து வருவான். வெந்தது கோழியின் தொண்டையைப் பொசுக்கிவிடும், ஆகாது. கொண்டுவந்ததை மூன்று தண்ணீரில் அலசி உப்பை எடுப்பான். காயவைத்து இடித்து, தூளைச் சலித்துத் தள்ளிவிட்டு, பச்சைப்பயறு அளவு நொறுங்கலை மட்டும் ஒரு கொட்டாங்குச்சியில் போட்டு வைப்பான். இன்னொன்றில் கூரான பொடிக்கல். கல் இரையை அரைக்க, கிளிஞ்சல் முட்டைக்கு ஓடு கட்ட.

"ரெண்டையும் தீனியோட கலக்கக் கூடாது, ஞானக்கா. எது வேணுமோ அத்த கோழியே எடுத்துக்கும். அதும் ஒடம்புக்குத் தெரியும்" என்பான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தைந்தில் பிளாக் ஆபீஸிலிருந்து கிராம சேவக் ஒருவர் வந்து அவனுக்கு ஆறு வெள்ளைக் கோழிகள் கொடுத்தார். கொட்டாங்குச்சிகளைப் பார்த்து அசந்துபோனார். "சுண்ணாம்புச் சத்து பத்தலைன்னா கோழி தன் எலும்பையே கரைச்சு ஓடு கட்டும். அப்புறம் நடக்க முடியாம உட்கார்ந்துடும்" என்றார். அருணாச்சலத்துக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துப்போயிற்று. தெருவில் கண்டவர்களிடமெல்லாம் அதையே சொல்லிக்கொண்டு திரிந்தான். எனக்கே பத்துத் தடவை சொல்லியிருப்பான்.

அவன் பெண்டாட்டி செண்பகம், மீஞ்சூர்க்காரி. முதல் பிள்ளை செத்துப் பிறந்தது. அந்த வருஷம் இரண்டாவது முறை உண்டாகியிருந்தாள். "இதுவும் தங்கலன்னா வேற ஒருத்தியக் கட்டிக்கினு வந்துடுவேன்" என்று அவள் காதுபடவே அவன் சொல்லி வைத்திருந்தான். பாவம், அந்தப் பிள்ளை ஒழுங்காகப் பிறந்தால்தான் அந்த வீட்டில் அவளுக்குச் சோறு. மீன் வாடை பட்டாலே அவளுக்குக் குமட்டும். கஞ்சித் தண்ணீரும் ஊறுகாயும்தான் இறங்கும். முட்டையெல்லாம் விலைக்கு மரைக்காயர் வீட்டுக்குப் போய்விடும். வயிற்றுப் பிள்ளைக்காரிக்கு முட்டை சூடு என்று அவன் சொன்னான். ஆமாம் என்று நானும்தான் சொன்னேன்.

அவளுக்கு ஆறாம் மாசம் நடக்கும்போது ஒரு வெள்ளைக் கோழி ஓடே இல்லாமல் தோல்முட்டை போட்டது. மறுநாள் இன்னொன்று. காலையில் நிரப்பிய கிளிஞ்சல் மத்தியானத்துக்குள் காலி. அருணாச்சலம் நேராக வேலிக்கு வந்தான்.

"இன்னாக்கா, உன் ஊட்டுக் கோழிக்கு என் கிளிஞ்சலத்தான் அள்ளிப் போட்டுக்கினுகீறியா?"

எனக்கு வந்ததே கோபம்! "யாரப் பாத்து இன்னா பேசறே? உன் கொட்டாங்குச்சிய நக்கித்தான் என் கோழி பொழைக்கணுமா? திருடனது யாருன்னு புடிச்சுக் குடுக்கறேன், அப்பால பேசு!"

மறுநாள் வேலைக்குப் போகாமல் வேலிக்குப் பின்னால் உட்கார்ந்தேன். வெயில் ஏறியதும் செண்பகம் வெளியே வந்தாள். இப்படியும் அப்படியும் பார்த்துவிட்டுக் கொட்டாங்குச்சி முன்னால் குந்தினாள். ஒரு பிடி அள்ளி வாயில் போட்டு நறநறவென்று மென்றாள். கண்ணை மூடிக்கொண்டு மென்றாள்.

அப்போதாவது எனக்கு மனசு இளகியிருக்க வேண்டாமா? நாசமாய்ப் போன எனக்குச் சந்தோஷம்தான் வந்தது. என் பேர் சுத்தமாகிவிட்டதே! சாயங்காலம் காளவாய்க் கும்பல் மொத்தமும் கேட்கக் கத்தினேன்: "டேய் அருணாச்சலம், திருடி உன் ஊட்லயேகீறாடா! ஆறு கோழி இல்ல, உனுக்கு ஏழு கோழி!"

தெருவே சிரித்தது. அவனும் சிரித்தான். அன்றிலிருந்து கிணற்றடியில் அவள் பேர் ஏழாங்கோழி. கொட்டாங்குச்சிகளைக் கூண்டுக்குள் தள்ளிப் பூட்டுப் போட்டான்.

இரண்டு நாள் கழித்து அவள் வேலிக்கு வந்தாள். என்மேல் கோபம்கூட இல்லை.

"யக்கா, வேலைக்குப் போய்ட்டு வரசொல்லோ ஒரு பிடி கிளிஞ்சல் எடுத்துக்கினு வர்றியா? இடுப்பெல்லாம் கடுக்குது. அத்த மென்னாக்கா கொஞ்சம் தேவலாம் போலகீது."

"வயித்துல புள்ளைக்குக் கல்லு கட்டிக்கும்டி. போ, போ" என்றேன்.

அவள் போய்விட்டாள். அப்புறம் யாரிடமும் கேட்கவில்லை.

எட்டாம் மாசத்தில் அவளுக்கு நேராக நடக்க வரவில்லை. இரண்டு பக்கமும் சாய்ந்து சாய்ந்து வந்தாள். கோழி வாத்தாகிவிட்டது என்று கிணற்றடியில் சிரித்தார்கள். உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தூணைப் பிடிக்க வேண்டியிருந்தது. கிராம சேவக் சொன்னதைப் பத்துத் தடவை கேட்ட காதுதான் எனக்கு. அப்போதும் உறைக்கவில்லை.

வலி கண்டு இரண்டு நாளாகியும் பிள்ளை வெளியே வரவில்லை. வண்டி கட்டிப் பொன்னேரி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஆண்பிள்ளை, உயிர் இல்லை. லேடி டாக்டர் வெளியே வந்து, "எலும்பு இளகி இடுப்பே ஒடுங்கிப் போயிருக்கு. தன் எலும்புல இருந்த சுண்ணாம்புச் சத்தையெல்லாம் பிள்ளைக்குக் கொடுத்துட்டா. பால், முட்டை எதுவும் கொடுக்கலையா? இனிமே இவளுக்குப் பிள்ளை வேண்டாம், உயிருக்கே ஆபத்து" என்றார். அருணாச்சலம் தரையைப் பார்த்தான். நானும் அங்கேயேதான் பார்த்தேன்.

இரண்டு மாசம் கழித்து மீஞ்சூரிலிருந்து அவள் அண்ணன் வண்டியோடு வந்தான். அருணாச்சலம்தான் வரச்சொல்லி ஆள் அனுப்பியிருந்தான். "என் தங்கச்சி இன்னாய்யா தப்பு பண்ணா?" என்று அந்த மனுஷன் கேட்டதற்கு, கோழிக்குத் தீனி வைத்துக்கொண்டே இவன் சொன்னான்:

"முட்டையிடாத கோழிய எவனாவது ஊட்ல வெச்சிருப்பானா, நைனா?"

வண்டியில் ஏற்றிவிட நான் செண்பகத்தின் கையைப் பிடித்திருந்தேன். அவள் நின்றாள். அதுவரை அவள் புருஷனை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை.

"கோழிக்குன்னா கிளிஞ்சல் போட்டியேய்யா."

அவ்வளவுதான் சொன்னாள். அவன் அடுத்த பிடி தீனியை அள்ளிப் போட்டான். "செண்பகம், என்ன மன்னிச்சுடுடி" என்று நான் அழுதேன். அவள் என் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டு, வண்டிக்கட்டையைப் பிடித்துத் தானே ஏறினாள். ஏற ரொம்ப நேரம் பிடித்தது.

மறுநாள் காலையில் வேலிக்கு அந்தப் பக்கம் அவன் கிளிஞ்சல் இடிக்கும் சத்தம் கேட்டது.