பூட்டிய வீட்டு வாசலில் அப்பா

நான் வாழ்க்கைப்பட்ட ஊர் பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் நடுவில் இருக்கிறது. நாலு பக்கமும் பாதை உண்டு. எங்கே போனாலும் அன்றைக்கே திரும்பிவிடலாம். அதற்காகவே ஆனைமலையிலிருந்த அப்பா என்னை இங்கே கொடுத்தார். பக்கம்தானே என்று சொல்லாமல் கொள்ளாமல் போவோம், வருவோம்.

போன மாசியில் அவருக்கு உடம்பு சரியில்லை என்று கேள்விப்பட்டுக் காலை மோட்டார் பஸ்ஸில் போனேன். அம்மா பதறினாள். “உன்னப் பாக்கோணும்னு விடியால வண்டி கட்டிக் குறுக்குப் பாதையில போயிட்டாரே, கண்ணு!”

அடுத்த பஸ் சாயங்காலம்தான். அதில் ஓடிவந்தேன்.

“வெயில் தாழற வரைக்கும் பூட்டுன கதவுகிட்டயே உக்காந்திருந்தாரு அம்மணி,” என்றாள் பக்கத்து வீட்டு அக்கா. “சோறுண்ணக் கூப்பிட்டேன். ‘என்ற புள்ள வந்துரட்டும்’னாரு. இப்பத்தான் வண்டியேறுனாரு.”

பின்னாலேயே ஓடியிருக்கலாம். அலுப்பில், நாளைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிட்டேன். மறுநாள் காலை நான் கிளம்புமுன்பே சாவுச் செய்தியோடு ஆள் வந்துவிட்டது.

இப்போது சாவியை அந்த அக்காவிடம் கொடுக்காமல் நான் வெளியே போவதில்லை. யார் வந்தாலும் உள்ளே உட்காரவைக்கச் சொல்லியிருக்கிறேன். அம்மாவைப் பார்க்கத் தோன்றினால் அன்றைக்கே கிளம்பிவிடுகிறேன்.