நெஞ்சு கழுவக் கொடுத்த பால்

கருங்கல் குவாரியில் வேலை செய்தவனைக் கண்டுபிடிப்பது சுலபம்: சிரிப்பைத் தொடங்குவான், இருமலில் முடிப்பான். சிமெண்டுக் கிடங்கிலும் பலகை ஆலையிலும் மூச்சைத் தொலைத்த தோழர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. நான் மலேசியாவில், சுங்காய்ப் பக்கம் ரப்பர் மரம் சீவியவன். தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றதும், எழுபதுகளின் தொடக்கத்தில், ஈப்போவுக்கு வெளியே ஒரு குவாரிக்கு வந்து சேர்ந்தேன். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு. மிச்சப் படிப்பு முழுக்கச் சங்கத் துண்டறிக்கைகள். அந்தப் படிப்பு என்னை ஒரே ஒரு தடவைதான் கைவிட்டது. அதையும் மறைக்கப் போவதில்லை.

ஊதாத விசில்

கோவிந்தன் அண்ணனும் நானும் கிரஷரில், அதாவது கல்லை ஜல்லியாக உடைக்கும் இயந்திரத்தில், பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்கள். வெடி வைக்கும் முன் ஆட்களை விலகச் சொல்லி விசில் ஊதுவதும் அவர் வேலை. அவர் ஊதினால் எதிர்மலைக் குரங்குகள்கூட இடம் மாறும்.

ஒரு நாள் திரி பற்ற வைக்கப் போகிற நேரம். அண்ணன் விசிலை வாயில் வைத்தார். காற்று வந்தது, சத்தம் வரவில்லை. நான் கத்திக்கொண்டே ஓடி, பாறைக்குக் கீழே சோறு தின்றுகொண்டிருந்த இரண்டு பேரை இழுத்துப் போட்டேன். திரும்பி வந்து, "விசில் கெட்டுப் போச்சா அண்ணே?" என்றேன். அவர் அதைத் துடைத்து என் கையில் வைத்தார்.

"விசில் நல்லாத்தான்டா இருக்கு. ஊதுறவன்தான் கெட்டுப் போயிட்டான்."

பாலை வென்ற கதை

உள்ளே போன தூசியைப் பால் கழுவிவிடும் என்பது எங்கள் குவாரியில் யாரும் கேள்வி கேட்காத வேதம். மேனேஜர் பால் தர மறுத்தார். இரண்டு நாள் வாசலில் உட்கார்ந்தோம். மூன்றாம் நாள் காலை ஆளுக்கு ஓர் எனாமல் குவளை வந்தது, டின் பாலை வெந்நீரில் கரைத்தது. எனக்கு மாலை போட்டார்கள். "நெஞ்சைக் கழுவும் உரிமையை வென்றோம்" என்று துண்டறிக்கையை நானே எழுதினேன்.

இரண்டு வருடம் குடித்தோம். அண்ணன் மெலிந்துகொண்டே போனார். கம்பெனி டாக்டர் சிகரெட் இருமல் என்று எழுதிக் கொடுத்தார். அண்ணன் சிகரெட்டைத் தொட்டதே இல்லை. அரசாங்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்த தமிழ் டாக்டரம்மாதான், "என்ன வேலை செய்றீங்க?" என்று முதன்முதலில் கேட்டவர். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் காட்டினார். நல்ல நுரையீரல் கறுப்பாகத் தெரியுமாம். அண்ணனுடையதில் வெள்ளை ரவை தூவியிருந்தது. கல்தூசி தழும்பாகிவிட்டது, இனி அதை எடுக்க முடியாது, இப்போதே தூசியை நிறுத்தினால் மற்றவர்களையாவது காப்பாற்றலாம் என்றார். நான் விடவில்லை. எங்கள் பால் போராட்டத்தைப் பெருமையாக எடுத்துச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நீங்க போராடி வாங்குனது வயித்துக்குண்ணே. நெஞ்சுக்கு யாரு போராடப் போறா?"

லீவு எடுக்கும் தூசி

அன்றிலிருந்து எங்களுக்கு ஒரே கோரிக்கை: கிரஷர் மேல் தண்ணீர்க் குழாய். நனைந்த தூசி பறக்காது. தண்ணீர் பட்டால் ஜல்லி விலை போகாது என்றார் மேனேஜர். நான் அரசாங்கத்துக்குப் புகார் எழுதினேன். ஆய்வாளர் வந்தார். கார் வாசலுக்கு வந்ததுமே காவல்காரர் மணி அடிப்பார். மண்டோர் சுப்பையா, எங்களை மேய்க்கும் மேஸ்திரி, உடனே கிரஷரை 'ரிப்பேர்' என்று நிறுத்தித் தரையெல்லாம் தண்ணீர் தெளித்துவிடுவார். மூன்று தடவை ஆய்வாளர் வந்தார். மூன்று தடவையும் சுத்தமாக இருக்கிறது என்று எழுதிவிட்டுப் போனார். ஆய்வாளர் மாதிரிப் பெரிய ஐயாக்களை அங்கே 'துவான்' என்போம். மண்டோருக்குத் தாங்க முடியாத சந்தோஷம்.

"என்னா தலைவரே, துவான் வந்தா மட்டும் ஒங்க தூசி லீவுல போயிருது லா!"

துவானுக்கு ஒரு குவளை

அடுத்த யோசனை அண்ணனுடையது. தன் பங்குப் பாலைக் குடிக்காமல் தினமும் காலையில் கிரஷர் பக்கத்து இரும்புத் திட்டில் திறந்து வைத்தார். ஆய்வாளர் எந்த நாள் வருவார் என்று தெரியாது. அதனால் எல்லா நாளும் வைத்தார். ஒன்பதாம் நாள் மணி அடித்தது. கிரஷர் நின்றது, தரை நனைந்தது, ஆய்வாளர் ஆபீசில் உட்கார்ந்து பேனாவைத் திறந்தார்.

அண்ணன் குவளையை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு நடந்தார். மூச்சு வாங்க இரண்டு இடத்தில் நின்றார். வாசலில் மறித்த மண்டோரிடம், "துவானுக்குப் பால் லா, வழி விடு," என்றார். மேசையில் வைத்தார். மேலே சாம்பல் நிற ஆடை, அடியில் சேறு. இது நெஞ்சு கழுவக் கம்பெனி கொடுக்கிற பால், இன்று காலை மூன்று மணி நேரம் மட்டும் அங்கே இருந்தது, நான் பன்னிரண்டு வருடமாக அங்கே இருக்கிறேன் என்று மலாயில் சொன்னார். என் பையில் நான்கு பக்க உரை இருந்தது. அதை எடுக்க வேண்டிய அவசியமே வரவில்லை. ஆய்வாளர் விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தார். பிறகு குவளையை மேனேஜர் பக்கம் நகர்த்தி, மலாயிலேயே சொன்னார்:

"மினும் லா, மேனேஜர். நீங்க முதல்ல குடிங்க."

வால்வு

தண்ணீர் வரும்வரை கிரஷர் ஓடக்கூடாது என்று உத்தரவு. ஆறு மாதம் ஆகும் என்று மேனேஜர் இழுத்த குழாய் ஆறே நாளில் வந்தது. அண்ணனைத் தூசியிலிருந்து மாற்றச் சொல்லி டாக்டரம்மா எழுதிய கடிதத்தையும் இப்போது படித்துப் பார்த்தார்கள். அவருக்கு ஒரு நாற்காலி, ஒரு வால்வு. அவர் திறந்தால்தான் தண்ணீர், தண்ணீர் வந்தால்தான் கிரஷர். முதல் நாள் காலை, "டேய் கோவிந்தா, சீக்கிரம் தொற லா!" என்று கத்தினார் மண்டோர். வயதில் அண்ணனை விடப் பத்து வருடம் சின்னவர். அண்ணன் கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

"அண்ணேன்னு கூப்பிடு மண்டோரே. அப்பத்தான் தண்ணி வரும்."

நனைந்த சட்டை

மண்டோர் நான்கு வருடம் 'அண்ணே' என்று கூப்பிட்டார். அதற்குமேல் அண்ணனுக்கு மூச்சு இல்லை. கம்பெனி அனுப்பிய மலர் வளையத்தை நான் வாசலோடு திருப்பி அனுப்பினேன். அதற்குள் பாறையில் துளை போடும் இடத்துக்கும் தண்ணீர், எல்லோருக்கும் வருடம் ஓர் எக்ஸ்ரே என்பதையும் வாங்கிவிட்டிருந்தோம்.

எண்பதுகளின் நடுவில், தண்ணீர் வந்த பிறகு வேலைக்குச் சேர்ந்த செல்வராஜ் தன் படத்தைக் கொண்டு வந்தான். பாறையில் துளை போடுகிறவன், ஐந்து வருடம் ஆகியிருந்தது. வெயிலில் தூக்கிப் பிடித்தேன். சுத்தக் கறுப்பு. ஒரு பொட்டு வெள்ளை இல்லை. படத்தைக் கீழே இறக்க மனம் வராமல் கை வலிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் சட்டையைப் பிழிந்துகொண்டே சொன்னான்:

"படத்தைக் குடுங்கண்ணே, போலாம். நல்ல வெயில்லயும் நனைஞ்சுக்கிட்டே வேலை செய்ய வேண்டியிருக்கு. இந்தத் தண்ணிய எந்த மடையன் கொண்டாந்தான்?"

அந்த மடையன் இன்றும் ஈப்போக் கடைகளில் பால் ஊற்றாத கோப்பி ஓ மட்டும்தான் குடிக்கிறான்.