அம்மாவின் காரும் கெட்டுப்போன எண்ணெயும்

பெடாஸ் திருவிழாவுக்குப் போய்வந்த அலைச்சல்தான் அம்மாவைக் கொண்டுபோய்விட்டது என்று பதினாறாம் நாள் படையலிலேயே சிலர் பேசிக்கொண்டார்கள். என் காதில் விழட்டும் என்றே பேசினார்கள். இந்த நினைவு மலர் அவர்கள் கைக்கும் வரும். நன்றாகப் படிக்கட்டும்.

அம்மா பெடாஸ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அங்கே துரையின் பங்களாவைக் கடக்கும்போது தொழிலாளிகள் சைக்கிளை விட்டு இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும். பின்னால் உட்கார்ந்திருந்த அம்மா, தன் அப்பா ஒவ்வொரு முறையும் இறங்குவதைப் பார்த்து வளர்ந்தார். அந்தக் கோபம் அவரை விட்டுப் போகவே இல்லை.

கல்யாணமாகி புக்கிட் பெலண்டோக் தோட்டத்துக்கு வந்தார். அப்பா சீக்கிரமே தவறிவிட்டதால், ரப்பர் மரம் சீவியே என்னையும் தம்பியையும் ஆளாக்கினார். நாற்பதைத் தாண்டிய வயதில் லைசென்ஸ் எடுத்து, பழைய வெள்ளைக் கார் ஒன்றை வாங்கினார். “பொம்பளைக்கு எதுக்கு காடி?” என்று லயத்து வீடுகளில் சிரித்தவர்கள்தான் பிரசவ வலி என்றதும் எங்கள் கதவைத் தட்டினார்கள். அம்மா யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. திட்டாமல் ஏற்றிக்கொண்டதும் இல்லை.

ஆண்டுதோறும் பிறந்த தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்குப் போவார். கோயிலுக்கு நல்ல தார்ச்சாலை இருந்தும், பங்களா வழியாகத்தான் காரை விடுவார். அங்கே யாரும் அவரை இறங்கச் சொல்ல முடியாது.

மம்பாவ் வீட்டுக்கு மாறிய பிறகு பக்கவாதம் வந்து இடது கால் விழுந்துவிட்டது. கார் கொட்டகையில் நின்றது. தான் ஸ்டீயரிங்கில் உட்காராமல் யாரும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. ஆனால் ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் காரைக் கழுவி, மாலை போட்டு, பெட்ரோல் தொட்டியின் விளிம்பு வரை எண்ணெய் ஊற்ற வேண்டும். காலி வயிற்றோடு வண்டி பூஜையில் நிற்கக் கூடாதாம். தம்பியும் ஆவியாகிக் குறைந்த அளவுக்கு டின்னில் வாங்கிவந்து ஊற்றுவான். இப்படியே பல ஆண்டுகள் ஓடின, கார் மட்டும் ஓடவில்லை.

சென்ற ஆண்டு திருவிழாவுக்கு முன்பு, அம்மாவின் இதயம் இனி அதிக நாள் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மா பெடாஸ் போக வேண்டும் என்றார். வேன் எடுக்கலாம் என்றான் தம்பி.

“பொணமானா எந்த வண்டியிலயும் ஏத்து. உசுரோட போனா என் காடிலதான்.”

தம்பி புது பேட்டரி போட்டு முடுக்கிப் பார்த்தான். இன்ஜின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. “பேசாம பெசி புருக்குக்குப் போட்டுறலாம்லா,” என்று பழைய இரும்புக்காரனுக்குப் போன் செய்யப் போனான். நான் போனைப் பிடுங்கி, பட்டறை வைத்திருக்கும் என் மாமா மகனை அழைத்தேன்.

அவன் தொட்டியின் மூடியைத் திறந்ததுமே முகத்தைத் திருப்பிக்கொண்டான். பெட்ரோல் வாசமே இல்லை, பழைய சாயம்போல நாற்றம்.

“அத்தை, எண்ணெய் கெட்டுப்போச்சு.”

“எண்ணெய் கெடுமா? அது என்ன பாலாடா?”

“நின்னா கெடும் அத்தை. பிசின் மாதிரி ஆயி எல்லாத்தையும் அடைச்சிக்கும்.”

“புதுசு கொஞ்சம் கலந்து ஓட்டிப் பாப்பமா?” என்றான் தம்பி.

“கலந்தா புதுசும் வீணாப் போயிரும். முழுசா எறக்கணும்.”

அதற்குள் அம்மா நல்ல காரியம் தொடங்குகிறது என்று சூடம் கேட்டார். “அத்தை, சூடத்த நாளைக்குக் கொளுத்தலாம். இப்பக் கொளுத்தினா நாம எல்லாரும் சேந்து போயிருவோம்,” என்றான் அவன். அம்மா சிரித்துவிட்டார்.

காரைத் திறந்த வெளிக்குத் தள்ளி, தேநீர் நிறத்தில் வந்த அந்தப் பழைய எண்ணெயை டின்களில் இறக்கினான். கால்வாயில் கொட்டவிடவில்லை, கழிவு எண்ணெய் எடுப்பவரிடம் கொடுக்கத் தானே கொண்டுபோனான். தொட்டியைக் கழுவி, வடிகட்டியை மாற்றி, கார்புரேட்டரைப் பிரித்துப் பிசினைச் சுரண்டி எடுத்தான். நாற்காலியில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்த அம்மா, தம்பியிடம் சொன்னார்:

“கெட்டது எண்ணெய். காடி கெடல. பாத்துக்க.”

ஆயுத பூஜை எண்ணெயைப் பற்றி மட்டும் அவர் கடைசிவரை வாய் திறக்கவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

திருவிழா அன்று கார் ஓடியது. நான் ஓட்டினேன், அம்மா பக்கத்தில் இருந்தார். பங்களாவின் கூரை சரிந்து, சுவரெல்லாம் கொடி ஏறியிருந்தது. மெதுவாகப் போகச் சொன்னார்.

“யாரும் இல்லம்மா,” என்றேன்.

“அவன் இல்ல. நான் இருக்கேன்.”

கண்ணாடியை இறக்கிவிட்டு, அந்த இடத்தைக் கடந்து முடிக்கும்வரை தலையை நிமிர்த்தியே வைத்திருந்தார். அம்மாவை நான் அவ்வளவு அழகாகப் பார்த்ததே இல்லை. அடுத்த மாதம் தூக்கத்திலேயே போய்விட்டார்.

காரை உயிர்ப்பித்த என் மாமா மகனுக்கும், அம்மாவைக் குளிப்பாட்டி உணவூட்டிய பக்கத்து வீட்டு அக்காவுக்கும், கோயிலில் நாற்காலியோடு தூக்கி இறக்கிய தோட்டத்துப் பிள்ளைகளுக்கும், கோபித்துக்கொண்டாலும் கடைசிவரை கூட நின்ற தம்பிக்கும் எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. படையலில் பேசியவர்களுக்கும் ஒரு வார்த்தை. அந்த அலைச்சலால்தான் அம்மா போனார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓட்டியது நான்தான். அம்மா எழுந்து வந்து இன்னொரு முறை போகலாம் என்றால், உங்கள் யாரையும் கேட்காமல் சாவியை எடுப்பேன்.