காற்றை இழுத்துப் பார்ப்பவர்

கம்பத்துக்குக் கம்பம் நின்று, வீடுகளுக்குள் இறங்கும் கறுப்பு வயரை இரண்டு விரலால் பிடித்து மெல்ல இழுத்துப் பார்க்கிறார் சிவப்பிரகாசம். பல்லை ஆட்டிப் பார்க்கும் வைத்தியரின் முகம். வயர் ஆடினால் சந்தேகம். ஆடாவிட்டால் கூடுதல் சந்தேகம்.

"நேத்து லூசா இருந்துச்சே, எவன் வந்து டைட் பண்ணான்?"

ஆரணிக்குக் கேபிள் டிவி கொடுத்து, காலம் மாறியதும் இன்டர்நெட்டுக்கு மாறியவர். சட்டைப் பையில் டெஸ்டர், இடுப்பில் கட்டிங் பிளேயர், கண்ணில் எந்நேரமும் வழக்கு விசாரணை. அணில் வயரைக் கடித்தால் அணிலைக் குற்றம் சொல்லமாட்டார். அந்த அணிலுக்குப் பொரி போட்டவர் யார் என்று விசாரிப்பார். வைக்கோல் லாரி ஒன்று வயரை அறுத்துக்கொண்டு போனபோது, கண்ணமங்கலம் போகிற லாரிக்கு இந்தத் தெருவில் என்ன வேலை என்று டீக்கடையில் ஒரு கமிஷனே உட்கார்ந்தது. மனைவி கிருஷ்ணம்மாள் காபியில் சர்க்கரையைக் கொஞ்சம் கூட்டிவிட்டாலும், "இன்னா விஷயம்?" என்பார்.

ஆனாலும் அவருடைய தலையாய சந்தேகம் காற்றின்மேல்தான். மாடியில் ஒரு தட்டு ஆன்டெனாவை வைத்து, வயரே இல்லாமல் நெட் கொடுக்கும் 'ககனம்' என்ற கம்பெனி ஊருக்குள் வந்ததிலிருந்து, சந்தாதாரர்களை நிறுத்தி வைத்து உரையாற்றத் தொடங்கினார்.

"வயரு அறுந்தா கண்டுபுடிக்கலாங்க. உள்ள லேசர் வுட்டா ஒடைஞ்ச எடத்துல செவப்பா மின்னும். காத்து அறுந்தா எங்க போய் முடிச்சு போடறது?"

கம்பம் வேண்டாம், பள்ளம் வேண்டாம், காலையில் கேட்டால் மாலையில் நெட் வந்துவிடுகிறதே என்று யாராவது சொன்னால், அதற்கும் பதில் உண்டு. "அதாங்க பேஜாரு. அவ்ளோ ஜல்தியா வர்றது, அவ்ளோ ஜல்தியா போவும்."

இப்படிப்பட்டவருக்குச் சோதனை அகல்யாவின் உருவில் வந்தது. பட்டுக்கடைக்காரரான அகல்யா, ஆற்றுக்கு அக்கரையில் புதுக் கடை திறந்தார். அவர் வியாபாரம் முழுக்கச் செல்போன் நேரலையில் நடப்பது. முந்தானையை விரிக்கும் கணத்தில் வெளியூர்ப் பெண்கள் 'எனக்கு' என்று எழுதவேண்டும். அக்கரைக்கு வயர் போவதென்றால் பாலத்தில் கட்டித்தான் போகவேண்டும். அனுமதி கேட்டிருந்தார் சிவப்பிரகாசம், வந்தபாடில்லை.

"ஆவணி முகூர்த்தம் வந்துகினு இருக்குதுண்ணா," என்றார் அகல்யா. "பர்மிஷன் வரட்டும் வரட்டும்னு நீங்க சொல்லிகினே இருங்க. நான் ககனத்துக்குச் சொல்லிடறேன்."

இந்த ஊரில் அகல்யா எந்தத் தராசு வாங்குகிறாரோ, அதைத்தான் மற்றக் கடைக்காரர்களும் வாங்குவார்கள். அவர் போனால் பட்டுக்கடைகள் மொத்தமும் போகும். சிவப்பிரகாசத்திடம் மிஞ்சப்போவது வயரும் அணிலும்தான்.

ஆகவே, வரலாறு மன்னிக்கட்டும், அவர் வேலூருக்குப் போய் இரண்டு தட்டு ஆன்டெனாக்களை வாங்கி, பழைய புடவையில் சுற்றி, பேரம் படியாத வரன் வீட்டுச் சீரைப் போல மறைத்துக் கொண்டுவந்தார். மாட்டுவதற்கு அமாவாசையைத் தேர்ந்தெடுத்தார். நல்ல நாள் என்பது வெளியில் சொன்ன காரணம். அன்று தறிகளுக்கு விடுமுறை, மாடிகளில் ஆள் இருக்காது, காற்றைத் திட்டியவரே காற்றுக்கு மாலை போடுவதை யாரும் பார்க்கமாட்டார்கள் என்பது உள்காரணம். தன் மாடியில் ஒரு தட்டு, அகல்யா மாடியில் ஒரு தட்டு. இரண்டும் ஆற்றுக்கு மேலே ஒன்றையொன்று பார்த்துக்கொண்டன. நெட் வெள்ளமாகப் பாய்ந்தது. இவ்வளவு நன்றாக வந்ததே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

மறுநாள் காலை அகல்யா அரக்குப் புடவையின் முந்தானையை விரித்தார். பாதி விரிந்த நிலையில் படம் உறைந்தது. கை மேலே, வாய் திறந்தபடி. "அக்கா, புடவை நல்லா இருக்கு. நீங்க நல்லா இருக்கீங்களா?" என்று ஒரு பெண் எழுதியிருந்தார்.

சிவப்பிரகாசம் மாடியேறி, தன் தட்டின் பின்னால் குனிந்து, அது பார்க்கும் திசையிலேயே பார்த்தார். நடுவழியில் சாயப்பட்டறை ஹேமநாத்தின் மாடி. பந்தலுக்குக் கீழே மூங்கில்களில் பட்டுநூல் கழிகள், சாயத் தண்ணீர் சொட்டச் சொட்ட, சுவர்போலத் தொங்கின. பைக்கை எடுத்தார்.

"ககனத்துக்காரன் உனக்கு இன்னா குடுத்தான்?"

"யோவ், இன்னாய்யா ஒளர்ற?" என்றார் ஹேமநாத், கையிலிருந்த மஞ்சளைத் துடைத்துக்கொண்டே.

"நேத்து மாட்டும்போது இங்க ஒண்ணுமே இல்ல. இப்ப எங்கருந்து வந்துச்சு? ஈரம் வழியில நின்னா சிக்னல் எப்பிடிப் போவும்?"

"அமாவாசைல எவன்யா சாயம் போடுவான்? அன்னிக்கு வந்து மாட்டிட்டு என் மாடி காலின்னு நெனச்சியா?"

சிவப்பிரகாசம் சொட்டும் கழி ஒன்றை இரண்டு விரலால் தொட்டுப் பார்த்தார். பிறகு, "சரி, வெயில்ல போட்டு ஜல்தியா காய வைப்பா."

"கலரு போயிடும். கலரு போச்சுன்னா அகல்யாம்மா என்னிய காய வெச்சிடும்."

"அகல்யாம்மாவா?"

"அது பட்டுதான்யா இது. முகூர்த்த ஆர்டரு."

அகல்யாவின் நெட்டை அகல்யாவின் பட்டே மறித்துக்கொண்டு நின்றது. இந்தச் சதியில் யாரைப் பிடிப்பது என்று சிவப்பிரகாசத்துக்குத் தெரியவில்லை. எது வேண்டும் என்று அகல்யாவையே போனில் கேட்டார்.

"ரெண்டும்தாண்ணா. சாயங்காலம் லைவ் இருக்குது. அதுவும் நின்னுச்சுன்னா நாளைக்கு என் மாடியில ககனத்து ஆளு நிப்பாரு."

மதியம் முழுவதும் இரண்டு மாடிகளிலும் அவரே ஏறி, இரும்புக் குழாயில் குழாயைச் செருகித் தட்டுகளை உயர்த்தினார். ஹேமநாத்தின் ஈரப்பட்டுக்கு மேலே, பந்தலின் தென்னை ஓலைக்கும் மேலே வழி திறந்தது. மாலையில் தன் மாடியிலேயே செல்போனைப் பிடித்துக்கொண்டு நின்றார். அகல்யா முந்தானையை விரித்தார். முழுதாக விரிந்தது. எனக்கு, எனக்கு, எனக்கு என்று எழுத்துகள் ஏறின.

உடனே போன் வந்தது. "அண்ணா, வயர விட நல்லா இருக்குதே!"

"வயரு மாதிரி இருக்குதுன்னு சொல்லுங்க," என்றார் கடுப்பாக. "வயர விடன்னு சொல்லாதீங்க."

போனைப் பையில் போட்டார். அண்ணாந்து, தட்டிலிருந்து ஆற்றைத் தாண்டிப் போகும் அந்த ஒன்றுமில்லாத வழியை வெகுநேரம் முறைத்தார். அக்கம்பக்கத்து மாடிகளில் யாரும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். பிறகு கையை உயர்த்தி, தட்டுக்கு முன்னால் இருந்த காற்றை இரண்டு விரலால் பிடித்து, மெல்ல இழுத்துப் பார்த்தார்.