கொடியில் விரிந்த பிச்சி

அன்று காலையில் நாங்கள் நான்கு பேர். தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் மேடம். டிக்கெட் கிழிக்கும் பெண், கடியப்பட்டணத்துக்காரி. தண்ணீர் விடும் அண்ணன், தேங்காய்ப்பட்டணம், வெகுகாலம் கல்ஃபில் இருந்தவர். அப்புறம் நான்.

அது வாசனைச் செடிகளுக்கென்றே வைத்த தோட்டம். யாரும் வரலாம். தொடலாம், மோந்து பார்க்கலாம். பறிக்கக் கூடாது. வாசலில் போர்டு இருக்கிறது. நானும் வாசித்தேன். பார்க்க வருகிறவர்களுக்குச் சொன்னது என்று நினைத்துக்கொண்டேன்.

நான் தோவாளைப் பக்கம். பதினான்கு வயது முதல் பூப்பறிக்கிற வேலை. போன வருடம் இடுப்பு பிடித்துக்கொண்டது. குனிந்தால் நிமிர முடியாது. கேந்தியும் மல்லியும் குனிந்து பறிக்கிற பூ. கூப்பிடுகிறவர்கள் நிறுத்திவிட்டார்கள். இங்கே அண்ணனுக்குத் துணையாகக் குழாய் பிடிக்கிற வேலை, நின்றுகொண்டே செய்யலாம். ஒரு மாதம் பார்ப்போம் என்று எடுத்தார்கள். இதுவும் போனால் வேறு வேலை இல்லை. அன்று ஏழாம் நாள்.

நான்தான் முதலில் வந்தேன். சரியாக விடியவில்லை. மலை கறுப்பாக நின்றது. அந்த நேரத்தில் வாசனை எல்லாம் தரையோடு கிடக்கும். வெட்டிவேர்ப் பாத்தி ஈரமண்ணாக மணத்தது. அதைத் தாண்டினால் துளசி. துளசி முடிகிற இடத்தில் மரிக்கொழுந்து. செண்பக மரத்தடிக்கு வந்தபோது காலில் செருப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியவில்லை. தூக்கத்துக்குள்ளே நடக்கிற மாதிரி.

கடைசியில் பிச்சிப் பந்தல். அந்தப் பக்கம் எனக்கு அதுவரை வேலை வரவில்லை. மொட்டுகள் நின்றன. வெள்ளை, அடியில் கொஞ்சம் சிவப்பு. அன்று சாயங்காலம் விரிகிற மொட்டு. அதைப் பார்த்தாலே தெரியும்.

கை போனது. நான் ஒன்றும் நினைக்கவில்லை. இரண்டு விரல், ஒரு திருப்பு. மடி நிறைந்தது. பக்கத்தில் கிடந்த கூடையில் தட்டினேன். மறுபடி மடி. வெயில் ஏறுமுன் முடிக்க வேண்டும் என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. முடித்தேன்.

மற்ற மூன்று பேரும் வந்தார்கள். மேடம் பந்தலைப் பார்த்தார். கூடையைப் பார்த்தார்.

“இத யாரு பறிச்சது?”

“நான்தான் மேடம். வெயிலுக்கு முன்ன முடிச்சாச்சு.” சந்தோஷமாகவே சொன்னேன்.

டிக்கெட் பெண் வாயைப் பொத்தினாள். “யக்கோ, இங்க பூப் பறிக்கப்பிடாது.”

“பின்ன? மொட்டு நின்னா பறிக்கண்டாமா?”

“நல்ல காலம்” என்றார் அண்ணன். “சந்தன மரத்துல இப்ப பூ இல்ல. இருந்தா அதும் போயிருக்கும்.”

மேடம் சிரிக்கவில்லை. “சாயங்காலம் கண் தெரியாதவங்க பதினொரு பேர் வாறாங்க. பிச்சி கொடியில விரியுறதத் தொட்டுப் பாக்கத்தான் வாறாங்க. நான்தான் வரச்சொன்னேன்.”

குரல் உயரவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன்.

“அவங்க வந்துட்டுப் போகட்டும். பொறவு உங்க விஷயம் பேசலாம்.”

அவர் போனதும் டிக்கெட் பெண் சொன்னாள். “நூலு எடுத்துட்டு வரட்டா? திரும்பக் கொடியில கட்டிருவோம்.”

“ஏட்டி, அவங்களுக்குக் கண்ணுதான் தெரியாது” என்றார் அண்ணன். “விரலு உண்டும்.”

நான் வீட்டுக்குப் போகவில்லை. சாப்பிடவும் இல்லை. குழாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். தண்ணீர் பாத்தி பாத்தியாக ஓடியது. பகல் மெதுவாகக் கழிந்தது.

ஐந்து மணிக்குமேல் சாமான் அறையில் இருந்து மணம் கிளம்பியது. கூடையை அங்கேதான் வைத்திருந்தோம். பறித்த பிச்சியும் சாயங்காலம் விரியும். கொடியை விட்டு வந்தது அதற்குத் தெரியாது. மணம் கதவிடுக்கு வழியாக வந்து பாதை முழுக்க நின்றது. அதற்குள்ளே நடந்து வருகிற மாதிரி அந்தப் பதினொரு பேரும் வந்தார்கள். முன்னால் போகிறவர் தோளில் பின்னால் வருகிறவர் கை. எல்லா முகமும் சாமான் அறைப் பக்கம் திரும்பியது.

முன்னால் நின்ற பெண்ணுக்கு என் வயது இருக்கும். “பறிச்ச பூ அங்க இருக்கு” என்றாள். “கூடையில புழுங்குது. கொடிப் பூ எங்க?”

மேடம் என்னைப் பார்த்தார். நான் முன்னே போனேன்.

“நான் பறிச்சுப்போட்டேன். பழக்க தோஷம்.”

“எல்லாத்தையுமா?”

“கை எட்டினது எல்லாம்.”

“எட்டாதது?”

அதை நான் யோசிக்கவில்லை. எட்டாத பூவை நான் என்றைக்கும் பூவாக நினைத்ததில்லை. அண்ணாந்து பார்த்தேன். பந்தலுக்கு மேலே, இலைக்கு அந்தப் பக்கம், வெள்ளையாகத் தெரிந்தது. அண்ணன் துரட்டியால் கொடியை மெதுவாகத் தாழ்த்தினார். அவள் விரலைப் பிடித்து ஒரு மொட்டில் வைத்தேன்.

“பேசாம இருங்க” என்றாள். “அசையுது.”

முகத்தைப் பக்கத்தில் கொண்டுபோனேன். வெளிச்சம் நீலமாகிக்கொண்டிருந்தது. ஒரு இதழ் விட்டது. வெகுநேரம் ஒன்றும் இல்லை. பிறகு இன்னொன்று. சத்தம் கிடையாது. ஆனால் அவள் கேட்கிற மாதிரி தலையைச் சாய்த்திருந்தாள். எத்தனையோ வருடம் பிச்சி பறித்திருக்கிறேன். கொடியில் விரிந்து பார்த்தது அன்றுதான். மண்டபத்தில் விரியும், பஸ்ஸில் விரியும், யாரோ தலையில் விரியும். நான் அங்கே இருக்க மாட்டேன்.

பதினொரு பேரும் தொட்டார்கள். யாருக்கும் அவசரம் இல்லை. அண்ணனுக்குக் கை வலித்திருக்கும். கொடியை விடவில்லை. ஒருவர் சிரித்தார், எதற்கென்று தெரியவில்லை. பிறகு வந்த மாதிரியே தோளில் கை வைத்துக்கொண்டு போனார்கள்.

மேடம் வந்தார்.

“நாளைக்கு எத்தன மணிக்கு வருவீங்க?”

“விடியுமுன்ன வந்திருவேன்.”

“வேண்டாம். மத்தியானம் வாங்க. தினமும் சாயங்காலம் எத்தன விரிஞ்சுதுன்னு எண்ணிச் சொல்லணும். இனி அதுதான் உங்க பணி.”

“சரி மேடம்.”

“கையப் பின்னால கட்டிக்கிட்டு எண்ணணும்” என்றார் அண்ணன்.

அப்போது மேடமும் சிரித்தார். “இன்னைக்குள்ளத எண்ணுங்க” என்றார்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன். பந்தலை ஒரு சுற்று வந்தேன். சரியாக இருக்க வேண்டும் என்று இன்னொரு சுற்று வந்தேன்.

பதினேழு.